கிராஸ் மாத்தியும் மறுபடி உடையுதா? லாரியில் ஒரே பொருள் திரும்பத் திரும்பப் போவது ஏன்?

சங்ககிரி:

சேலத்தில் இருந்து தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாய். சிமெண்ட் மூட்டை ஏற்றிய 10 சக்கர லாரி ஒன்று முக்கி முனகி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது. கியர் விழுகிறது. ஆனால் வண்டி முன்னால் போகவில்லை, பின்னால் உருளப் பார்த்தது.

டிரைவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, கிளீனர் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். குனிந்து பார்த்தால் ஜாயிண்ட் ஷாப்ட் ஒரு பக்கம் அறுந்து தரையில் தொங்குகிறது. பின்பக்க கிராஸ் இரண்டு துண்டு.

இது முதல் தடவை அல்ல. 5 மாதத்தில் 4-வது கிராஸ்!

அந்த லாரியை ஓட்டி வந்தவரே அதன் ஓனர். மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்கு பைனான்ஸ் போட்டு வாங்கிய செகண்ட்ஸ் வண்டி. போகும்போது சிமெண்ட், வரும்போது கர்நாடகாவில் இருந்து நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம். இதுதான் அவருடைய லைன்.

கிராஸ் விலை பெரிய தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை உடையும்போதும் வண்டி 2 நாள், 3 நாள் நிற்கிறது. மெக்கானிக்கை மலைக்கு அழைத்துப் போகும் செலவு, லோடு லேட்டானதற்குப் பிடித்தம், மாதத் தவணை என்று எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தது.

"கிராஸ் டூப்ளிகேட்டா இருக்கும்"னு ஒருவர் சொன்னார். கம்பெனி கிராஸ் வாங்கிப் போட்டார். அதுவும் உடைந்தது. "வண்டிக்கு திருஷ்டி"ன்னு இன்னொருவர் சொன்னார். பூசணிக்காய் உடைத்தார். அப்புறமும் கிராஸ் உடைந்தது.

கடைசியில் சங்ககிரி பக்கம் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போனது. அவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"உடைஞ்ச பழைய கிராஸ் எல்லாம் எங்க தம்பி?"

"தூக்கிப் போட்டுட்டனுங்கண்ணா."

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. வியாதி என்னன்னு சொல்றதே அதுதான்."

லாரித் தொழிலில் இருக்கும் பலர் செய்யும் தவறு இது. உடைந்த பொருளை மாற்றுகிறோம், உடைத்தது எது என்று தேடுவதில்லை. அதனால்தான் ஒரே பொருள் மறுபடி மறுபடி போகிறது.

எஞ்சினில் இருந்து டயர் வரை

இதைப் புரிந்துகொள்ள, எஞ்சின் சக்தி டயருக்கு எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும்.

எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச். அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ். அங்கிருந்து பின்பக்க ஹவுசிங் வரை நீளமாகப் போவது ஜாயிண்ட் ஷாப்ட். புரொப்பல்லர் ஷாப்ட் என்றும் சொல்வார்கள். பெரிய வண்டிகளில் இது இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் தாங்கிப் பிடிக்க ரப்பருக்குள் உட்கார்ந்த சென்டர் பேரிங். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கிராஸ்.

ஹவுசிங்குக்குள் கிரவுன் பினியன். அதன் நடுவில் ஸ்டார் வீல்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில். ஆக்சில் முனையில் டயர்.

கிராஸ் எதற்கு? லோடு ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கும். பள்ளத்தில் விழுந்தால் ஹவுசிங் மேலும் கீழும் ஆடும். கியர் பாக்ஸ் மட்டும் அதே இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுத்துக்கொண்டே சுற்ற ஒரு மூட்டு வேண்டும். நம் முழங்கால் மூட்டு மாதிரி. அதுதான் கிராஸ்.

அதன் மேல் விழும் சுமை கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் கியரின் விகிதம் 7 என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசை சுமார் 7 மடங்காகி ஷாப்ட்டுக்கு வருகிறது. டாப் கியரில் சமவெளியில் போகும்போது படாத பாட்டை, மேட்டில் முதல் கியரில் இழுக்கும்போது கிராஸ் படுகிறது. அதனால்தான் பெரும்பாலும் மேட்டில் உடைகிறது. அதற்காக மேடுதான் காரணம் என்று நினைக்கக் கூடாது. ஏற்கனவே நொந்து போன கிராஸ் கடைசியாக உயிரை விடும் இடம் மேடு, அவ்வளவுதான்.

கோணம் கூடினால் ஆபத்து

கிராஸ் வளைந்த நிலையில் சுற்றும்போது ஒரு விஷயம் நடக்கிறது. கியர் பாக்ஸ் ஒரே சீராகச் சுற்றினாலும், கிராசுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷாப்ட் ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் 2 தடவை வேகம் கூடும், 2 தடவை குறையும்.

நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று கணக்கு வைத்துப் பாருங்கள். மூட்டின் கோணம் 3 டிகிரி இருந்தால் ஷாப்ட்டின் வேகம் 1,498-க்கும் 1,502-க்கும் நடுவில் ஆடும். இது ஒன்றும் செய்யாது. கோணம் 10 டிகிரி ஆனால் 1,477-க்கும் 1,523-க்கும் நடுவில் ஆடும். இந்த ஆட்டம் நிமிடத்துக்கு 3,000 தடவை நடக்கும். கனமான இரும்பு ஷாப்ட்டை நிமிடத்துக்கு 3,000 முறை பிடித்து இழுத்துத் தள்ளினால் எந்த கிராஸ் தாங்கும்?

இதைச் சமாளிக்க கம்பெனிக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஷாப்ட்டின் ஒரு முனையில் இருக்கும் கவட்டையும் (யோக் என்பார்கள்) மறு முனையில் இருக்கும் கவட்டையும் ஒரே நேராக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முன் கிராஸ் கூட்டும் வேகத்தைப் பின் கிராஸ் குறைத்து விடும். ஆட்டம் அடங்கி, ஹவுசிங்குக்கு சீரான சுற்று போகும்.

அந்த நேர் தவறினாலோ, கோணம் மாறினாலோ ஒன்றை ஒன்று அடக்காது. கூட்டிக்கொடுக்கும்.

குற்றவாளி சிக்கியது

சங்ககிரி மெக்கானிக் ஷாப்ட்டைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். நீளம் கூடிக் குறைய ஷாப்ட்டில் ஒரு ஸ்லீவ் இருக்கும். அந்த ஸ்லீவில் ஒரு அம்புக்குறி, ஷாப்ட்டில் ஒரு அம்புக்குறி. இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டு பல் தள்ளி இருந்தது!

நடந்தது இதுதான். முதல் கிராஸ் கிரீஸ் காய்ந்து போய் உடைந்திருக்கிறது. அதை ரோட்டோரத்தில் வைத்து மாற்றியவர் ஷாப்ட்டை இரண்டாகக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டும்போது சேறும் கிரீசும் மூடிய அம்புக்குறியைப் பார்க்கவில்லை. அன்றில் இருந்து ஷாப்ட் ஏறுமாறாகச் சுற்றி, புதிது புதிதாகப் போட்ட கிராசை எல்லாம் தின்றிருக்கிறது.

"ஏன் தம்பி, வண்டி அதிருச்சா?" என்று கேட்டபோதுதான் ஓனருக்கு ஞாபகம் வந்தது. "45, 50 கிலோமீட்டர் வேகம் போனா சீட்டுக்கு அடியில உதறுமுங்கண்ணா. டயர் பேலன்ஸ்னு நெனச்சுட்டனுங்க."

அதோடு முடியவில்லை. அந்த அதிர்விலேயே சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்து, ஷாப்ட் நடுவில் தொங்கிப் போயிருந்தது. சில மாதம் முன்பு மெயின் பட்டை மாற்றியபோது போட்ட யூ போல்ட்டை அதன் பிறகு யாரும் டைட் வைக்கவில்லை. அது லூசாகி, இழுக்கும்போது ஹவுசிங்கின் மூக்கு தூக்கிக்கொண்டது. பின் கிராசின் கோணம் இன்னும் கூடியது.

அம்புக்குறி தவறியது ஒன்று. அது இழுத்து வந்தது இரண்டு. கிராஸ் கம்பெனி மேல் பழி போட்டது வீண்.

(சில வண்டிகளில் ஸ்லீவில் ஒரு பல் மட்டும் அகலமாக இருக்கும். அதைத் தப்பாக மாட்டவே முடியாது. அது இல்லாத வண்டிகளில் அம்புக்குறிதான் ஒரே வழி. அம்புக்குறி தேய்ந்து தெரியாவிட்டால், கழற்றும் முன்பே பெயிண்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.)

உடைந்த கிராஸ் என்ன சொல்கிறது?

உடைந்த கிராசைத் தூக்கிப் போடாமல் டீசலில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள்.

* கால்கள் நீலம் பாய்ந்து கறுத்திருந்தால் கிரீஸ் இல்லாமல் சூடேறி எரிந்திருக்கிறது.

* செம்பழுப்பாகத் துரு மாவு இருந்தால் சீல் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் செய்த பிறகு கிரீஸ் அடிக்காத வண்டிகளில் இது சகஜம்.

* காலில் ஊசி ஊசியாக வரிசைப் பள்ளம் இருந்தால், ஊசி பேரிங் ஒரே இடத்தில் அழுந்தியிருக்கிறது. ஓவர்லோடு, கிளட்சைப் பட்டென்று விடுவது ஆகியவை இதற்குக் காரணம்.

* உடைந்த முகம் முழுக்க ஒரே மாதிரி சொரசொரவென்று புதுசாக இருந்தால் ஒரே அடியில் உடைந்தது. பெரிய அதிர்ச்சி விழுந்திருக்கிறது.

* உடைந்த முகத்தில் பாதி பழசாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடு மாதிரி இருந்து, மீதி புதுசாக இருந்தால் பல நாளாக விரிசல் வளர்ந்து கடைசியில் உடைந்திருக்கிறது. கோணம், அதிர்வு பிரச்சினையை இங்கே தேட வேண்டும்.

* நான்கு காலில் ஒன்று மட்டும் காய்ந்திருந்தால், கிரீஸ் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நிப்பிளில் 2 அடி கிரீஸ் அடித்து விட்டு 'அடிச்சாச்சு' என்று எழுந்து விடுகிறார்கள். நான்கு முனையிலும் பழைய கிரீஸ் வெளியே வந்து புது கிரீஸ் தெரிய வேண்டும். ஒரு முனையில் வரவில்லை என்றால் அங்கே அடைப்பு. அந்தக் கால்தான் அடுத்து உடையப்போவது.

சத்தம் எப்போது வருது?

வண்டி எப்போது சத்தம் போடுகிறது என்பதே பாதி விடை சொல்லிவிடும்.

வண்டி எடுக்கும்போதும், ரிவர்ஸ் போடும்போதும் 'டக்' என்று அடித்தால் கிராசிலோ, ஸ்லீவ் பல்லிலோ, கிரவுன் பினியனிலோ பிளே அதிகம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, ஷாப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தும் முறுக்கியும் பார்த்தால் எது என்று தெரியும்.

எந்த கியராக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் ஷாப்ட்டைச் சந்தேகப்படுங்கள். பேலன்ஸ், அம்புக்குறி, சென்டர் பேரிங் மூன்றையும் பாருங்கள். ஷாப்ட்டில் ஒட்டியிருக்கும் சின்ன இரும்புத் துண்டு பேலன்சுக்காக வைத்தது. அது விழுந்து போயிருந்தாலும் உதறும்.

இழுக்கும்போது மட்டும் 'ஙொய்ங்' என்று ஊளையிட்டால் கிரவுன் பினியன் பல் சரியாகப் பொருந்தவில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் மட்டும் ஊளையிட்டால் பல்லின் மறு முகம் தேய்ந்திருக்கலாம், பினியன் பேரிங்கும் லூசாக இருக்கலாம்.

நேராகப் போகும்போது அமைதி, திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் ஸ்டார் வீலைப் பார்க்க வேண்டும். நேராகப் போகும்போது ஸ்டார் வீல் தன்னைத்தானே சுற்றாது. திரும்பும்போதுதான் அதற்கு வேலை.

எடுக்கும்போது வண்டி மொத்தமும் குலுங்கினால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம். மவுண்டிங் போனால் எஞ்சின் ஒரு பக்கம் சாயும். எஞ்சின் சாய்ந்தால் முன் கிராசின் கோணமும் மாறும். ஆக, 100 ரூபாய் ரப்பரோ 1,000 ரூபாய் ரப்பரோ, அது போனால் ஷாப்ட் வரைக்கும் வேட்டு.

கிளட்ச் பிளேட் அடிக்கடி எரியுதா?

புது பிளேட் போட்டு சில மாதத்திலேயே வாசம் வந்தால், மறுபடி பிளேட் மட்டும் மாற்றுவது வீண்.

பெடலில் பிளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளே சுத்தமாக இல்லை என்றால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அழுந்தியே இருக்கிறது. காற்றில் இயங்கும் கிளட்ச் பூஸ்டர் முழுசாகத் திரும்பாவிட்டாலும் இதே கதைதான்.

அடுத்து, பிளைவீல் முகம். சூட்டில் சின்னச் சின்ன விரிசலும் நீலத் திட்டும் இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும், அளவு மீறிப் போயிருந்தால் மாற்ற வேண்டும். மேடு பள்ளமான பிளைவீலில் புது பிளேட் முழுசாக ஒட்டாது. எஞ்சின் பின் சீல், கியர் பாக்ஸ் முன் சீல் ஒழுகுதா என்றும் பார்க்க வேண்டும். கிளட்ச் கழற்றிய நேரத்தில் சீலை மாற்றாமல் விட்டால், சின்ன காசைப் பார்த்து பெரிய காசை விட்ட கதை.

டிரைவர் பழக்கமும் உண்டு. மேட்டில் டிராபிக்கில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் பாதி கிளட்சில் வண்டியைத் தொங்கவிடுவது, பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவது, லோடு வண்டியை இரண்டாவது கியரில் எடுப்பது. இந்த மூன்றும் பிளேட்டுக்கு எமன்.

கிரவுன் பினியன் தனித்தனியாக மாற்றக் கூடாது

கிரவுனும் பினியனும் ஜோடி. கம்பெனியிலேயே ஒன்றோடு ஒன்று உரசிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண் அடித்திருப்பார்கள். பினியன் மட்டும் போச்சு என்று வேறு வண்டியின் பழைய பினியனை மாட்டினால் பல் பொருந்தாது. கொஞ்ச நாளில் இரண்டும் போகும்.

மாட்டும்போது கிரவுன் பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். மை அழிந்த தடம் பல்லின் நடுப்பகுதியில் விழ வேண்டும். ஓரத்தில், நுனியில், அடியில் விழுந்தால் ஷிம் மாற்றிச் சரி செய்ய வேண்டும். இரண்டு பல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளியைக் கையால் ஆட்டி 'சரியா இருக்கு' என்று சொல்வது கணக்கில்லை. டயல் கேஜ் வைத்து, கம்பெனி புத்தகத்தில் சொன்ன அளவு வர வேண்டும்.

எண்ணெயும் முக்கியம். கிரவுன் பினியன் பல் உருளுவதோடு ஒன்றன் மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அதற்கென்று தனி ஆயில் உண்டு. மிச்சம் இருந்த எஞ்சின் ஆயிலை ஊற்றி ஒப்பேற்றினால் பல் எரியும்.

ஹவுசிங் மேல் ஒரு சின்ன காற்றுத் துளை இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூட்டில் அழுத்தம் கூடி, ஆயில் சீலைத் தாண்டி வெளியே வரும். ஹப் பக்கம் வந்தால் பிரேக் லைனிங்கில் போய்ச் சேரும். சீல் மாற்றி மாற்றி ஒழுகுகிறதா? முதலில் அந்தத் துளையைக் குத்தி விடுங்கள்.

ஆயில் இறக்கும்போது காந்த போல்ட்டைப் பாருங்கள். பசை மாதிரி நைசான தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை. துண்டு துண்டாக இருந்தால் ஹவுசிங்கைப் பிரிக்காமல் வண்டியை லைனுக்கு விடாதீர்கள்.

ஆக்சில் முறுக்கிக்கொள்வது ஏன்?

பெரிய லாரிகளில் வண்டியின் எடையை ஹவுசிங் குழாயும் ஹப் பேரிங்கும் தாங்கும். ஆக்சிலுக்கு சக்கரத்தைச் சுற்றுவது மட்டுமே வேலை. ஹப் பேரிங் லூசானால் ஆக்சிலும் வளைந்து வளைந்து நிமிரும். அது அதற்கு ஆகாது, உடையும். ஆக்சில் தலையில் இருக்கும் நட்டு லூசானால் ஸ்டட் வரிசையாக அறுந்து விழும்.

கழற்றிய ஆக்சிலின் பல் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் அளவுக்கு மீறிய இழுப்பு. சேற்றில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்ற, டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார். அப்போது ஸ்டார் வீல் அசுர வேகத்தில் சுற்றி எரியும். சுற்றிய டயர் சட்டென்று கெட்டித் தரையைப் பிடித்தால் 'படார்', ஆக்சில் போச்சு. அந்த நேரத்தில் மிதிக்காமல், டயருக்கு அடியில் கல், சல்லி, சாக்கு போட்டு மெதுவாக எடுப்பதே நல்லது.

இன்னொன்று. ஒரு பக்கம் புது டயர், மறு பக்கம் தேய்ந்த டயர் போட்டால் சுற்றளவு வித்தியாசப்படும். நேர் ரோட்டிலும் ஸ்டார் வீல் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஓவர்லோடு கணக்கு

"எஞ்சின் குடுக்கறதுக்கு மேல முறுக்கு எப்படி வரும்? லோடு கூடினா கிராஸ் ஏன் உடையணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

லோடு கூடினால் மேட்டில் கீழ் கியரில் அதிக நேரம் இழுக்க வேண்டும். சமவெளியில் எடுக்கும்போதும் முழு முறுக்கு தேவைப்படும். கிளட்சைப் பட்டென்று விட்டால், சுற்றிக்கொண்டிருக்கும் பிளைவீலின் வேகமும் சேர்ந்து ஷாப்ட்டில் அடிக்கும். பட்டை அதிகம் அமுங்கி கோணமும் மாறும். ஆக, அடியும் கூடுது, அடி விழும் நேரமும் கூடுது.

மத்திய அரசு 2018-ம் ஆண்டு ஆக்சில் எடையை உயர்த்தியது. 4 டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. 3 ஆக்சில் லாரியின் மொத்த எடை 25 டன்னில் இருந்து 28.5 டன் ஆனது. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சட்டம் மாறியதால் வண்டிக்குள் இருக்கும் கிராசும் ஆக்சிலும் தடிமனாகி விடாது. உங்கள் ஆர்.சி.யில் உள்ள எடைதான் உங்கள் கணக்கு.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20 ஆயிரம் ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் கிராஸ் செலவு தனி.

வண்டியின் நீளத்தைக் கூட்டுபவர்கள், பட்டைக்கு அடியில் பேக்கிங் வைத்து உயரத்தைக் கூட்டுபவர்களும் கவனிக்க வேண்டும். பாடி கட்டிய பிறகு ஷாப்ட்டின் கோணத்தை அளந்து பார்க்க வேண்டும். அதற்கென்று டிகிரி மீட்டர் இருக்கிறது. உத்தேசமாகப் பார்க்க இப்போது செல்போனில் உள்ள லெவல் கருவியே போதும்.

இறக்கத்தில் உடைந்தால்?

மேட்டில் உடைந்தால் பணம் போகும். இறக்கத்தில் உடைந்தால் உயிர் போகும்.

லோடு வண்டி இறக்கத்தில் போகும்போது கீழ் கியரில் எஞ்சினும், எக்சாஸ்ட் பிரேக்கும் வண்டியைப் பிடித்து வைக்கின்றன. அந்தப் பிடி டயருக்குப் போவதே ஜாயிண்ட் ஷாப்ட் வழியாகத்தான். ஷாப்ட் அறுந்தால் எஞ்சின் பிடி அந்த நொடியே போய்விடும். மொத்த பாரமும் பிரேக் டிரம் மேல் விழும். அது சூடேறினால் பிடிக்காது. தொப்பூர் மாதிரி நீண்ட இறக்கத்தில் இதன் முடிவு என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அறுந்த ஷாப்ட் சுழன்று அடித்து ஏர் பிரேக் குழாயையும் டீசல் டேங்கையும் உடைக்கலாம். முன் முனை கீழே விழுந்து ரோட்டில் குத்தினால் வண்டியையே தூக்கும். ஷாப்ட் விழாமல் தாங்க கம்பெனி கொடுத்த இரும்பு வளையம் இருந்தால், இடைஞ்சல் என்று கழற்றி வீசாதீர்கள்.

அடியில் படுக்கும் முன்

ஷாப்ட்டைக் கழற்றப் போகிறீர்களா? வண்டி கியரில் இருக்கிறது, நகராது என்று நம்பாதீர்கள். ஷாப்ட் கழன்ற அடுத்த நொடி கியருக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் இல்லை. சரிவில் நின்றால் மேலே ஏறி விடும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும்.

பிரேக்டவுன் வண்டியைக் கட்டி இழுக்கும்போது ஷாப்ட்டையோ ஆக்சிலையோ கழற்றி விடுங்கள். அப்படியே இழுத்தால் டயர் சுற்றி கியர் பாக்ஸின் பின் ஷாப்ட்டைச் சுற்ற வைக்கும். எஞ்சின் ஓடாததால் உள்ளே ஆயில் மேலே ஏறாது. கிராசுக்காக இழுத்துப் போன வண்டிக்கு கியர் பாக்ஸ் செலவும் சேரும்.

கிராஸ் மாற்றும்போது மறக்கக் கூடாதவை

1. கழற்றும் முன் அம்புக்குறியைத் துடைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் கோடு போடுங்கள்.

2. கப்பை சுத்தியால் கண்டபடி அடிக்காதீர்கள். பிரஸ்சில் நேராக இறக்குங்கள். சாய்ந்து இறங்கினால் ஊசி படுத்துக்கொள்ளும். லாக் முழுசாக உட்காரவில்லை என்றால் உள்ளே ஒரு ஊசி படுத்திருக்கிறது என்று அர்த்தம்.

3. மாட்டிய பிறகு கிராஸ் கையால் வழுவழுவென்று ஆட வேண்டும். இறுக்கமும் கூடாது, பிளேயும் கூடாது.

4. நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கட்டும். நான்கு முனையிலும் கிரீஸ் வரும் வரை அடியுங்கள். ஸ்லீவுக்கும் அடியுங்கள்.

5. பிளாஞ்ச் போல்ட்டுக்கு புது லாக் நட்டு போட்டு, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு டைட் வையுங்கள். முதல் ட்ரிப் முடிந்ததும் ஒரு முறை பார்த்து விடுங்கள்.

6. அதோடு சென்டர் பேரிங், எஞ்சின் மவுண்டிங், யூ போல்ட் மூன்றையும் பார்க்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.

7. எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே பொருள் இரண்டாவது தடவை வந்தால், அடுத்தது வாங்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்.

இப்போது அந்த வண்டி

சங்ககிரி பட்டறையில் அந்த 10 சக்கர லாரி ஒன்றரை நாள் நின்றது. ஷாப்ட்டை பேலன்ஸ் செய்து, அம்புக்குறியை நேராக்கி, சென்டர் பேரிங் மாற்றி, யூ போல்ட்டை டைட் வைத்து, கிராஸ் போட்டு அனுப்பினார்கள். அதுவரை உடைந்த நான்கு கிராசுக்கும் வண்டி நின்ற நாட்களுக்கும் போன காசில் பாதி கூட இதற்கு ஆகவில்லை.

7 மாதம் ஆகிறது. அதே தொப்பூர், அதே சிமெண்ட், அதே மக்காச்சோளம். கிராஸ் அப்படியே இருக்கிறது. சீட்டுக்கு அடியில் உதறலும் இல்லை.

ஓனர் இப்போது 15 நாளுக்கு ஒரு முறை தானே அடியில் படுத்து கிரீஸ் அடிக்கிறார். அடகு வைத்த நகையில் வளையலை மட்டும் மீட்டு விட்டாராம். மீதியைத் தீபாவளிக்குள் மீட்டு விடலாம் என்ற நம்பிக்கையில் இருக்கிறார்.